அஜந்தா குகைக்குள் 15 நிமிடம்: பழங்கால இடங்களில் பார்வையாளர் வசதி என்றால் என்ன?

அஜந்தாவில் ஓவியமுள்ள குகைக்குள் போகுமுன் செருப்பைக் கழற்றி வெளியே விட வேண்டும். நாங்கள் போனது ஏப்ரல் மாதம், உச்சிவெயில், கறுத்த பாறை. அம்மாவுக்கு மூட்டுவலி. பஸ் இறங்கின இடத்திலிருந்து படியேறி வந்ததிலேயே மூச்சு வாங்கிவிட்டது. செருப்பைக் கழற்றியதும் "ஐயோ, சுடுதுடா" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறக்குறைய ஓடித்தான் முதல் குகைக்குள் நுழைந்தார். உள்ளே இருட்டு. வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கண் கொஞ்சம் பழகி, சுவரில் ஏதோ நிறம் இருக்கிறது, ஏதோ முகம் இருக்கிறது என்று தெரிய ஆரம்பிக்கும்போது வாசலில் அடுத்த கூட்டம் நிற்கிறது, காவலர் நகரச் சொல்கிறார். வெளியே வந்து தூணோரமாக உட்கார்ந்ததும் அம்மா கேட்டது இதுதான்: "அந்தத் தாமரையைக் கையில வச்சிருக்கிறவர் எந்தப் பக்கம்டா இருந்தார்?"

பத்மபாணி என்கிற அந்தப் புகழ்பெற்ற ஓவியத்தை அம்மா பார்க்காமலேயே வெளியே வந்துவிட்டார். அதைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தோம்.

தப்பு யாருடையது என்று தேடுவதைவிட, இது ஏன் நடந்தது என்று யோசித்தால் நமக்கு உபயோகமாக இருக்கும். பழங்கால இடங்களில் பார்வையாளர் வசதி, சுற்றுலா மேம்பாடு என்றெல்லாம் அடிக்கடி செய்தியில் வருகிறதே, அதற்குள் இருக்கிற எல்லா விஷயமும் அந்தச் சில நிமிடங்களுக்குள்ளேயே இருக்கின்றன.

"பார்வையாளர் வசதி" என்றதும் நமக்குக் கழிப்பறை, குடிநீர், கேன்டீன், பார்க்கிங் இவைதான் நினைவுக்கு வரும். இவையும் அதில் சேர்த்திதான். ஆனால் உண்மையில் அது இன்னும் அகலமானது. ஒருவர் அந்த இடத்துக்குப் போகலாம் என்று முடிவு செய்வதிலிருந்து வீடு திரும்புகிறவரை அவருக்குத் தேவைப்படுகிற எல்லாமே அதில் வரும்: என்றைக்கு விடுமுறை என்கிற தகவல் (அஜந்தாவுக்குத் திங்கட்கிழமை விடுமுறை), எங்கே இறங்கி எங்கே டிக்கெட் எடுப்பது, நடக்க முடியாதவருக்கு என்ன வழி, உட்கார நிழல் எங்கே, நாம் பார்த்துக்கொண்டிருப்பது என்ன என்று யார் சொல்லித் தருவார்கள். சுற்றுலா மேம்பாடு இதோடு சேர்ந்தே பேசப்பட்டாலும் வேறு விஷயம். சாலை போடுவது, ஓட்டல் வருவது, விளம்பரம் செய்வது, சுற்றுவட்டார ஊர்க்காரர்களுக்குத் தொழில் கிடைப்பது எல்லாம் அதில் அடக்கம். சுருக்கமாகச் சொன்னால், மேம்பாடு ஆட்களை அழைத்து வருகிறது, வசதி வந்தவர்களைக் கவனித்துக்கொள்கிறது. முதலாவது மட்டும் வேகமாக நடந்து இரண்டாவது பின்தங்கினால், வருகிற கூட்டத்தின் பாரமெல்லாம் கல்லின்மேலும் சுவரின்மேலும்தான் போய் விழும்.

அதனால் நான் சொல்ல வருவது ஒன்றுதான். வருகிறவருக்குச் செய்து கொடுக்கிற வசதி ஒவ்வொன்றும் அந்தச் சின்னத்தின் மேல் விழுகிற பாரத்தைக் கொஞ்சமாவது குறைக்க வேண்டும். குறைக்கவில்லை என்றால், எவ்வளவு செலவு செய்து கட்டியிருந்தாலும் அது வசதி இல்லை.

பாரம் என்று எதைச் சொல்கிறேன்? தொடுவது, கிறுக்குவது, ஏறி நிற்பது இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற பாரம். தெரியாத பாரம் மூச்சு. சும்மா நிற்கிற ஒரு ஆளின் உடம்பிலிருந்து ஏறக்குறைய ஒரு 100 வாட் பழைய குண்டு பல்பு அளவுக்கு வெப்பம் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. 40 பேர் நின்றால் 4,000 வாட், அதாவது நாலு இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றிக் குகைக்குள் வைத்த மாதிரி. அதோடு ஒவ்வொரு மூச்சிலும் ஈரமும் கரியமில வாயுவும் வெளியே வருகின்றன, காலோடு தூசியும் உள்ளே வருகிறது. இப்போது அஜந்தாவின் சுவரை நினைத்துப் பாருங்கள். பாறைமேல் நேரடியாக வரைந்ததில்லை அது. மண்ணில் வைக்கோல், உமி, நார் போன்றவற்றைக் கலந்து பூசி, அதன்மேல் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு கொடுத்து, அதற்கும் மேலேதான் வண்ணம். நம் கிராமத்து மண்சுவரைப் போலத்தான், ஈரம் ஏறினால் உப்பும், காய்ந்தால் விரிசல் விடும், பூச்சி அரிக்கும். 1,500 வருடமாக அது அங்கே ஒட்டிக்கொண்டு நிற்பதே பெரிய விஷயம். அதில் பல நூற்றாண்டு ஆளரவமே இல்லாமல் காட்டுக்குள் கிடந்ததும் அது பிழைத்ததற்கு ஒரு காரணம்.

அதனால்தான் அந்த 15 நிமிடம். ஓவியமுள்ள குகைக்குள் ஒரே நேரத்தில் 40 பேர், ஒரு குழுவுக்கு 15 நிமிடம் என்று அங்கே கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு இடம் கெட்டுப்போகாமல் எத்தனை பேரைத் தாங்கும் என்கிற இந்தக் கணக்குக்குத் தாங்குதிறன் என்று பெயர். எந்தப் பழங்கால இடமாக இருந்தாலும் முதலில் போட வேண்டிய கணக்கு இது. பார்க்கிங்கில் எத்தனை வண்டி நிற்கும், ஓட்டலில் எத்தனை அறை என்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான் வர வேண்டும். பெரும்பாலான இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது, அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கணக்குப் போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரான்ஸில் உள்ள லாஸ்கோ குகை. சுமார் 17 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் வரைந்த காளைகளும் குதிரைகளும் உள்ள குகை அது. 1940-ல் சில பையன்கள் கண்டுபிடித்தார்கள், 1948-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள், 1955 வாக்கில் நாளொன்றுக்கு சுமார் 1,200 பேர் உள்ளே போய்வந்தார்கள். விளைவு சுவரில் தெரிந்தது. பச்சையாகப் பாசி படர்ந்தது, வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு ஏறியது. திறந்து 15 வருடம்தான், 1963-ல் குகையை மூடிவிட்டார்கள். பிறகு 1983-ல் சுமார் 200 மீட்டர் தள்ளி குகையின் ஒரு பகுதியை அப்படியே நகலெடுத்துக் கட்டி மக்களை அங்கே அனுப்பினார்கள், 2016-ல் இன்னும் பெரிய, முழுமையான நகலும் வந்தது. அசல் குகை இன்றைக்கும் மூடியேதான் இருக்கிறது. நகலைப் பார்க்க யார் வருவார்கள் என்று நமக்குத் தோன்றும். வருகிறார்கள், கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். நல்ல வெளிச்சத்தில், அவசரமில்லாமல், கிட்டே நின்று பார்க்க முடிகிறது என்பதுதான் காரணம். எனக்கு அசல்மேல் உள்ள ஆசை குறையவில்லை, ஆனாலும் அந்த ஏற்பாட்டில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

சரி, அஜந்தாவுக்குத் திரும்புவோம். அங்கே நன்றாகச் செய்திருக்கிற ஒன்று, வண்டிகளைக் குகைக்குப் பக்கத்தில் விடாதது. மெயின் ரோட்டில், குகைகளுக்குச் சுமார் 4 கிலோமீட்டர் முன்னாலேயே, கார், வேன், சுற்றுலா பஸ் எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும். அங்கிருந்து அரசு பஸ்ஸில்தான் போகலாம். கடைகளையும் அங்கேயே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். புகை, ஹாரன், எஞ்சின் அதிர்வு எல்லாம் அங்கேயே நின்றுவிடுகின்றன, வாகோரா ஆற்றின் குதிரைலாட வளைவுக்குள் வந்து இறங்கும்போது தண்ணீர் விழுகிற சத்தத்தையோ பறவைச் சத்தத்தையோ கேட்க முடிகிறது. பார்வையாளருக்கு இது கொஞ்சம் அலைச்சல்தான், வரிசையில் நிற்க வேண்டும், இன்னொரு டிக்கெட் எடுக்க வேண்டும். ஆனால் நான் மேலே சொன்ன அளவுகோலில் வைத்துப் பார்த்தால் இதுதான் சரியான வசதி. நடக்க முடியாதவர்களுக்கு டோலி உண்டு, நாலு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போவார்கள். அம்மா ஏற மாட்டேன் என்றுவிட்டார். இன்னொரு மனிதரின் தோளில் உட்கார அவருக்கு மனசு வரவில்லை.

கடைகளைத் தள்ளி வைத்ததில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அங்கே மினுமினுக்கிற படிகக் கற்களைக் கையில் வைத்துக்கொண்டு விற்கிறவர்களைப் பார்க்கலாம், அந்த வட்டாரத்து எரிமலைப் பாறைக்குள்ளிருந்து கிடைக்கிற கற்கள் அவை. அந்தக் குகைகளை நம்பித்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. அவர்களை ஒரு தொந்தரவு போலத் துரத்துகிற திட்டம் எங்கேயும் நிலைத்ததில்லை, ஏனென்றால் துரத்தப்பட்டவர் மறுநாள் வேலிக்கு இந்தப் பக்கம் வந்து நிற்பார், வேறு என்ன செய்வார்? கூட்டம் இறங்குகிற, ஏறுகிற இடத்திலேயே அவர்களுக்குக் கடை கொடுத்தால் அவர்களுக்கும் வியாபாரம் நடக்கும், குகை வாசலும் காலியாக இருக்கும். ஊர்ப் பையன்களையும் பெண்களையும் காவலராக, வழிகாட்டியாக, டிக்கெட் கவுண்டரில் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. கிறுக்க வருகிறவன் கையைப் பிடிக்க ஊர்க்காரர் அளவுக்கு யாருக்கும் அக்கறை இருக்காது.

கிறுக்கல் என்றதும் ஒன்று. 1819 ஏப்ரலில் ஜான் ஸ்மித் என்கிற ஆங்கிலேய ராணுவ அதிகாரி புலி வேட்டைக்கு வந்த இடத்தில் இந்தக் குகைகளைக் கண்டார். கண்டவர் பத்தாம் குகைத் தூணில் தன் பெயரையும் தேதியையும் கீறி வைத்துவிட்டுப் போனார். அது இன்றைக்கும் இருக்கிறது. படித்த அதிகாரியே அப்படிச் செய்திருக்கும்போது, பள்ளிக்கூட விடுமுறையில் வருகிற பிள்ளை செய்யாது என்று நம்பிக்கொண்டு இருக்க முடியாது. தடுப்புக் கம்பியும், கம்பிக்குப் பக்கத்தில் ஒரு ஆளும் வேண்டும்.

கட்டுவதைப் பற்றி நிறையப் பேசுகிறோம், நடத்துவதைப் பற்றிப் பேசுவதே இல்லை. அஜந்தாவிலேயே ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு பெரிய பார்வையாளர் மையம் ஒன்று கட்டினார்கள், 2013-ல் திறந்தார்கள். 1, 2, 16, 17 ஆகிய ஓவியக் குகைகள் நான்கின் நகல்களும் அதில் உண்டு. அருமையான யோசனை, லாஸ்கோவில் செய்த அதே வேலை. குகைக்குப் போகுமுன் நகலில் நிதானமாகப் பார்த்து, எது எந்தச் சுவரில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போனால் உள்ளே கிடைக்கிற 15 நிமிடம் தாராளமாகப் போதும். எங்கள் அம்மாவுக்கு வேண்டியிருந்தது அதுதான். ஆனால் சில வருடங்களிலேயே கரண்ட் பில்லும் தண்ணீர் பில்லும் பாக்கியாகி அந்த மையம் மூடிக் கிடந்தது. கட்டடம் கட்டுவதற்குக் கடனுதவி கிடைக்கும், திறப்பு விழாவுக்கு ஆட்கள் வருவார்கள். மாதாமாதம் பல்பு மாற்ற, கழிப்பறை கழுவ, ஏசி ஓட்ட யார் பணம் தருவார்கள் என்பதைத் திட்டம் போடும்போதே எழுதி வைக்க வேண்டும்.

அடுத்தது போர்டு. பழைய இடங்களில் நாம் பார்க்கிற போர்டு எப்படி இருக்கும்? எந்த நூற்றாண்டு, எந்த அரசர், எத்தனை அடி நீளம் அகலம், மண்டபத்துக்கு என்ன கலைச்சொல், கடைசியில் சேதப்படுத்தினால் தண்டனை. படித்து முடித்துத் திரும்பினால் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாது. முதல் குகை வாசலில் நான் போர்டு எழுதினால் இப்படி எழுதுவேன்: "உள்ளே இருட்டாக இருக்கும், வராந்தாவில் சற்று நின்று கண்ணைப் பழக்கிக்கொண்டு போங்கள். நேராக உள்ளே நடந்தால் எதிரே புத்தர் இருக்கும் கருவறை. அதற்குப் போகும் வாசலுக்கு இடப்பக்கச் சுவரில் நீலத்தாமரை ஏந்தி, தலை சாய்த்து, கண் தாழ்த்தி நிற்பவர் பத்மபாணி. வலப்பக்கம் வஜ்ரபாணி. ஃபிளாஷ் அடிக்காதீர்கள்." இவ்வளவுதான். வரலாறு தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவருக்கு வெளியே நிழலில் பெரிய போர்டு வைக்கலாம், ஆடியோ வழிகாட்டி கொடுக்கலாம். குகைக்குள் நின்று படிக்க வைக்கக் கூடாது, படிக்கிற நேரமும் மூச்சுதான்.

இடத்துக்கு இடம் இதெல்லாம் மாறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இத்தாலியில் பாம்பேய் ஒரு முழு நகரம், கி.பி. 79-ல் எரிமலைச் சாம்பலில் புதைந்தது, ஏறக்குறைய 66 ஹெக்டேர். அங்கே மூச்சு அவ்வளவு பிரச்சினை இல்லை, வெயிலும் கால் தேய்மானமும்தான் பிரச்சினை. 2024 நவம்பர் முதல் ஒரு நாளைக்கு 20,000 பேர்தான் என்று வரம்பு வைத்து, டிக்கெட்டில் பெயர் எழுதித் தருகிறார்கள். சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் போக 3 கிலோமீட்டருக்கும் மேல் நீளமாக மேடுபள்ளமில்லாத தனிப் பாதை போட்டிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது, ரோமானியர் காலத்துத் தெருமுனைத் தண்ணீர்த் தொட்டிகள் சிலவற்றில் இன்றைக்கும் குடிதண்ணீர் வருவது. கல் தொட்டியின் விளிம்பில் கையை ஊன்றிக் குனிந்து தண்ணீர் குடிக்கிறவர், 2,000 வருடத்துக்கு முன்னால் அந்தத் தெருக்காரர் நின்ற இடத்தில்தான் நிற்கிறார். வரலாறு புரிய அதற்குமேல் போர்டு எதற்கு?

நம் ஊர் அகழாய்வு இடங்களின் சிக்கல் இதற்கு நேர்மாறு. பார்க்கப் பெரிதாக ஒன்றும் நிற்காது. கீழடியில் தோண்டிய குழிகளில் பல, தென்னந்தோப்புக்காரர்களின் சொந்த நிலத்தில் இருந்தவை, ஆய்வு முடிந்ததும் மூடி நிலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. மூடுவது தப்பும் இல்லை, செங்கல் கட்டுமானத்துக்கும் உறைகிணற்றுக்கும் மழையிலிருந்து மண்ணை விடப் பத்திரமான இடம் கிடையாது. ஆனால் மதுரையிலிருந்து ஆசையாக பஸ் ஏறி வருகிற குடும்பத்துக்கு இது எப்படித் தெரியும்? "குழி எங்கே?" என்று கேட்பார்கள், தென்னை மரத்தைக் காட்டினால் முகம் வாடிவிடும். 2023 மார்ச்சில் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் அருங்காட்சியகம் திறந்த பிறகு அந்தக் குறை பெரிதும் தீர்ந்தது. பானை ஓட்டில் கீறின எழுத்தையும், தாயக்கட்டையையும், தங்க நகைத் துண்டையும் கிட்டே நின்று பார்க்கலாம். சில குழிகளை மூடாமல் விட்டு, மேலே கூரை போட்டுத் திறந்தவெளி அருங்காட்சியகமாக்குகிற வேலையையும் எடுத்துக்கொண்டார்கள்.

தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் வேறு வழி. தோண்டிய குழியிலேயே, முதுமக்கள் தாழிகள் கிடந்த இடத்திலேயே விட்டு, மேலே கண்ணாடித் தளம் போட்டு, அதில் நின்று குனிந்து பார்க்கும்படி 2023-ல் அமைத்தார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக வைத்த தாழிக்கும், மண்ணில் சாய்ந்து கிடக்கிற தாழிக்கும் நிறைய வித்தியாசம். இது ஒரு இடுகாடு, இங்கே யாரோ அழுதிருக்கிறார்கள் என்பது இரண்டாவதில்தான் உறைக்கும். ஆனால் பராமரிப்பு கடினம். மூடின கண்ணாடிக்குக் கீழே ஈரம் தங்கினால் பாசி பிடிக்கும், கண்ணாடி வேர்க்கும், ஒன்றும் தெரியாமல் போகும். காற்றோட்டத்தைத் தினமும் ஒருவர் கவனிக்க வேண்டும்.

கழிப்பறையைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது, அதிகம் புகார் வருவதும் அதைப் பற்றித்தான். ஏன் இவ்வளவு தூரத்தில் கட்டுகிறார்கள் என்று கோபம் வரும். காரணம் உண்டு. மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டத் தடை, அதற்கு அடுத்த 200 மீட்டருக்குள் அனுமதி வாங்கித்தான் கட்டலாம், 2010-ல் திருத்தப்பட்ட சட்டம் அப்படிச் சொல்கிறது. சட்டத்தை விடுங்கள், அகழாய்வு மேட்டில் பத்தடிக்கு செப்டிக் டேங்க் தோண்டினால் அந்தப் பத்தடிக்குள் எத்தனை நூற்றாண்டு இருக்கும்? மண் அடுக்கு ஒருமுறை கலைந்தால் அவ்வளவுதான், அதைத் திரும்ப அடுக்க முடியாது. ஆகவே குழாய் பதிப்பதாக இருந்தாலும், விளக்குக் கம்பம் நடுவதாக இருந்தாலும், முதலில் தொல்லியல் தெரிந்தவர் வந்து பார்த்து இடம் குறிக்க வேண்டும். தூரமாகத்தான் கட்ட முடியும் என்றால் அதை நுழைவாயிலிலேயே பெரிய எழுத்தில் எழுதலாமே: "உள்ளே கழிப்பறை இல்லை, இங்கேயே போய்விட்டு வாருங்கள்" என்று. சர்க்கரை நோய் உள்ளவருக்கும், வயதான பெண்களுக்கும், கைக்குழந்தையோடு வருகிறவருக்கும் அந்த ஒரு வரி எவ்வளவு உதவி என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

அன்றைக்கு அஜந்தாவில் நாங்கள் மற்ற குகைகளை மெதுவாகப் பார்த்தோம். 26-ஆம் குகையில் படுத்திருக்கிற புத்தர் முன்னால் அம்மா நெடுநேரம் நின்றார். சாயங்காலம் கூட்டம் கலைந்து, பாறையின் சூடும் கொஞ்சம் தணிந்த பிறகு திரும்ப முதல் குகைக்கு வந்தோம். காவலரிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் அவசரப்படுத்தவில்லை, வராந்தாவின் நிழலில் உட்காரச் சொன்னார், "வெளியே பார்க்காதீங்க, உள்ளேயே பாருங்க" என்று இந்தியில் சொல்லிவிட்டு நகர்ந்தார். ஐந்தாறு நிமிடம் அப்படி இருந்தோம். அப்புறம் எழுந்து, நேரே நடந்து, கருவறை வாசலுக்கு இடப்பக்கம் நின்றோம். முதலில் கிரீடம் தெரிந்தது, பிறகு புருவம், பிறகு தாழ்ந்த கண், கடைசியில்தான் விரல்களுக்கு நடுவில் தாமரை. அம்மா தன்னை அறியாமல் தலையைக் கொஞ்சம் அதே பக்கம் சாய்த்துக்கொண்டு நின்றார். உள்ளே எங்களைத் தவிர நாலைந்து பேர்தான் இருந்தார்கள்.